மோர் என்றால் பெரியது

என் மகள் இங்கே அயர்லாந்தில் பள்ளியில் சேர்ந்த முதல் வருடம், ஒரு நாள் சாயங்காலம் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னடி என்று கேட்டால், "அம்மா, ஐரிஷ்ல மோர்னா என்னன்னு சொல்லு பார்ப்போம்" என்றாள். நான் முழித்தேன். "பெருசு! மோர்னா பெருசு!" அன்றைக்கு ராத்திரி சாதத்துக்கு மோர் ஊற்றும்போது, "எனக்குப் பெரிய மோர், மோர் மோர்" என்று அவளும் அவள் அப்பாவும் ஒரே கூத்து. சின்னதுக்கு 'ப்யக்' என்று பெயர். எங்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் இரண்டு ஐரிஷ் சொற்கள் இவைதான்.

நாங்கள் டப்ளினுக்கு வந்து ஏழு வருடமாகிறது. வருவதற்கு முன்னால், அயர்லாந்துக்காரர்களுக்கு ஆங்கிலம்தான் மொழி, ஐரிஷ் என்பது அவர்கள் ஆங்கிலம் பேசும் ஒரு மாதிரி என்றே நினைத்திருந்தேன். வந்து இறங்கினால் விமான நிலையத்திலிருந்தே எல்லாப் பலகையிலும் இரண்டு மொழி. சாலைப் பலகைகளில் மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷ், கீழே பெரிய எழுத்தில் ஆங்கிலம். ஊருக்குள் போகும் பஸ்ஸின் நெற்றியில் 'அன் லார்', அதாவது நகர மையம். போலீசுக்குப் பெயர் கார்டா. பிரதமருக்குப் பெயர் டீஷக். மகளின் வகுப்பில் ஒரு பெண்ணின் பெயரை எழுத்துக்கூட்டி 'நியாம்' என்று கூப்பிட்டேன். அது 'நீவ்' என்று மகள் திருத்தினாள்.

இத்தனை இருந்தும் இந்த ஏழு வருடத்தில் டப்ளின் பஸ்ஸிலோ கடையிலோ இரண்டு பேர் ஐரிஷில் சாதாரணமாகப் பேசிக்கொண்டு போனதை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போலிஷ் கேட்டிருக்கிறேன், போர்ச்சுகீஸ் கேட்டிருக்கிறேன், மலையாளமும் தமிழும் கேட்டிருக்கிறேன்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். பத்தில் நான்கு பேர்! கேட்க நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் 71,968. ஐம்பது லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிற நாட்டில் இவ்வளவுதான். அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவு ஐரிஷைத்தான் முதல் அதிகார மொழி என்கிறது. அதே சட்டத்தின் ஐரிஷ் வாசகமும் ஆங்கில வாசகமும் முரண்பட்டால் ஐரிஷில் இருப்பதே செல்லும். சட்டத்தில் இதைவிட உயர்ந்த நாற்காலி ஒரு மொழிக்குக் கிடையாது. அப்படி உட்கார்ந்திருக்கிற மொழியை வீட்டில் பேச ஆளில்லாமல் போனது எப்படி? தமிழில் மூச்சுவிடுகிற எனக்கு இது வெறும் பொது அறிவுக் கேள்வியாக இருக்கவில்லை. வயிற்றைப் பிசைந்தது.

பக்கத்து வீட்டில் மேயோ மாவட்டத்திலிருந்து இளவயதில் டப்ளினுக்கு வந்து தங்கிவிட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். மகள் அவரைத் தாத்தா என்றே கூப்பிடுவாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். "உங்களுக்கு ஐரிஷ் வருமா?" என்று ஒருநாள் கேட்டேன். "பதின்மூன்று வருடம் படித்தேன்" என்றார். கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, ஒரே மூச்சில் ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார்: "அன் வில் க்யாத் அகம் டுல் கொ டீ அன் லெஹ்ரஸ்?" நான் கழிப்பறைக்குப் போகலாமா? வகுப்பில் ஐரிஷில் கேட்டால்தான் வெளியே விடுவார்களாம். அதனால் எது மறந்தாலும் இது மறப்பதில்லை. அப்புறம் பல பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். நாற்பது வயதுக்காரரும் இதைத்தான் சொல்கிறார், எழுபது வயதுக்காரரும் இதைத்தான் சொல்கிறார்.

மகளோடு சேர்ந்து நானும் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். ஆங்கிலத்தில் பசியை ஒருவர் தன் குணம்போலச் சொல்ல வேண்டும். ஐரிஷில் 'டா உக்ரஸ் ஓரம்', பசி என்மேல் இருக்கிறது. எனக்குப் பசிக்கிறது என்று நாம் சொல்வதற்கு எவ்வளவு பக்கம்! என்னிடம் புத்தகம் இருக்கிறது என்பதற்கும் அப்படியே, புத்தகம் இருக்கிறது என்னிடம். ஆம், இல்லை என்று சொல்லத் தனிச் சொற்களே கிடையாது. வந்தாயா என்றால் வந்தேன் அல்லது வரவில்லை. வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்றால் சாப்பிட்டாச்சு என்போமே, அது மாதிரி. நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும், அவர்களுக்கு முதலிலேயே வந்துவிடும். நமக்கு வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்றால் அவர்களுக்குச் சொல்லின் தலையே மாறும்: 'பாட்' என்றால் படகு, என் படகு என்றால் 'மோ வாட்'. வகுப்பில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள் என்று மகள் சொன்னாள். நான் ஒற்றுப்பிழைக்கு வாங்கிய குட்டுகளை நினைத்துக்கொண்டேன்.

சரி, மொழி எப்படிப் போயிற்று?

ஆங்கிலேயன் தடை போட்டான், மொழி செத்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட ஆசையாக இருக்கும். தடைகள் இருந்தது உண்மை. 1366இல் கில்கென்னியில் போட்ட சட்டம், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஐரிஷ் பேசக் கூடாது என்றது. 1737இல் வந்த இன்னொரு சட்டம் நீதிமன்றத்தில் ஐரிஷுக்கு இடமில்லை என்றது. ஆனால் இதையெல்லாம் தாண்டி, 1840களின் தொடக்கத்தில்கூட லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் ஐரிஷில்தான் வாழ்ந்துகொண்டிருந்தன. சட்டத்தால் முடியாததை அடுத்த ஐந்தாறு வருடங்கள் செய்தன.

1845இல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. மேற்கிலும் தெற்கிலும் துண்டு நிலத்தில் கிழங்கு போட்டு, மூன்று வேளையும் அதையே தின்று வாழ்ந்தவர்களுக்கு வேறு சோறு இல்லை. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள். அதே நேரத்தில் தானியமும் கால்நடைகளும் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் சார்லஸ் ட்ரெவெலியன். 1859இல் சென்னைக்கு கவர்னராக வந்த அதே மனிதர்தான். 1841இல் இந்தத் தீவில் 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். இன்றைக்குப் பிரிட்டனோடு இருக்கிற வடக்கையும் தனிநாடான தெற்கையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை திரும்பவில்லை.

செத்தவர்களிலும் போனவர்களிலும் ஏராளமானவர்கள் ஐரிஷ் பேசியவர்கள். 1851 கணக்கெடுப்பில் முதல் தடவையாக மொழியைப் பற்றிக் கேட்டார்கள். 15 லட்சம் பேர் சொச்சம் ஐரிஷ் பேசினார்கள். 1891இல் அது 7 லட்சத்துக்கும் கீழே. பஞ்சம் முடிந்து நாற்பது வருடத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்தப் பாதியைப் பஞ்சம் கொல்லவில்லை. பஞ்சம் விதைத்த பயம்தான் கொன்றது.

அந்தப் பயத்தைக் கண்ணால் பார்த்தது போலச் சொல்கிற ஒரு காட்சி உண்டு. வில்லியம் வைல்ட் என்று ஒரு கண் மருத்துவர், ஆஸ்கார் வைல்டின் அப்பா. மேற்கே கால்வே பக்கம் பயணம் போனபோது ஒரு குடிசையில் கண்டதை எழுதியிருக்கிறார். எட்டு வயதுப் பையன் ஒருவன் தன் தங்கையிடம் ஐரிஷில் ஏதோ சொல்கிறான். உடனே அப்பாவின் கண்ணைப் பார்த்து நடுங்கிப் பின்வாங்குகிறான். அப்பா அவனைக் கிட்டே கூப்பிடுகிறார். திட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பையனின் கழுத்தில் கயிற்றில் தொங்கும் ஒரு சின்னக் குச்சியை உடைக்குள்ளிருந்து வெளியே எடுக்கிறார். பேனாக்கத்தியால் அதில் ஒரு கீறல் போடுகிறார். ஐரிஷில் பேசினால் ஒரு கீறல். கீறல்கள் சேர்ந்ததும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எண்ணிப் பார்த்து அடிப்பார். வைல்ட் அந்த அப்பாவிடம், உனக்கு ஐரிஷ் பிடிக்காதா என்று கேட்கிறார். அந்த மனிதருக்கு வேறு மொழியே சரியாக வராது. கண் மலர, பிடிக்கும் என்கிறார். என் அப்பன் பேச்சு, இந்த மலையும் ஏரியும் பேசுகிற பேச்சு என்கிறார். ஆனால் பிள்ளைகள் படிக்க வேண்டுமே, பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் இல்லையே என்கிறார்.

இதைப் படித்த அன்று நான் வேறு எதுவும் படிக்கவில்லை. அந்தக் கத்தி அப்பாவின் கையில் இருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது.

1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுத்தன, அதை மறுக்க முடியாது, கொடுத்தது ஆங்கிலத்தில். கத்தோலிக்கர்களுக்கு உரிமை வாங்கித் தந்த டேனியல் ஓ'கானல் தென்மேற்கே கெர்ரி மாவட்டத்தில் ஐரிஷ் பேசி வளர்ந்தவர். அவரே, ஆங்கிலம்தான் உபயோகம், ஐரிஷ் மெல்லப் போவதில் வருத்தமில்லை என்றார். தலைவரே சொன்னால் குடிசையில் இருப்பவர் என்ன செய்வார்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளையாவது பாஸ்டனுக்கோ நியூயார்க்குக்கோ போய்ப் பணம் அனுப்பினால்தான் வாடகை கட்ட முடியும். கிளம்புவதற்கு முந்தைய இரவு, இழவு வீட்டில் விழித்திருப்பது போல ஊரே கூடி விழித்திருக்கும். அமெரிக்க இழவு என்றே அதற்குப் பெயர். உயிரோடு இருக்கும் பிள்ளைக்குத்தான் அந்த ஒப்பாரி; திரும்பி வரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போகிறவன் வாயில் ஆங்கிலம் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைத்தான் அந்த அப்பா குச்சியில் கீறினார்.

நான் படித்த பள்ளியில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம். எட்டாம் வகுப்பில் ஒரு வாரத்தில் மூன்று தடவை மாட்டினேன். பதினைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்த என் அப்பா, "இன்னும் கண்டிப்பா இருங்க மேடம்" என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டார். அவர் படித்தது ஆறாம் வகுப்பு. வங்கியில் ஒரு படிவம் நிரப்ப அடுத்தவரிடம் கெஞ்சிய மனிதர். அவர்மேல் எனக்கு அன்றைக்குக் கோபம் இருந்தது. அந்தக் குச்சிக் கதையைப் படித்த பிறகு இல்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். அவருடைய பாட்டிக்கு ஐரிஷ் நன்றாகத் தெரியுமாம். பேரப்பிள்ளைகளிடம் ஒரு சொல் பேசமாட்டாராம். ராத்திரி எல்லோரும் மண்டியிட்டு ஜெபமாலை சொல்லி முடித்ததும், பாட்டி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஐரிஷில் முணுமுணுப்பாராம். "எங்களுக்கு ஆங்கிலம், கடவுளுக்கு ஐரிஷ்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1893இல் டக்ளஸ் ஹைடும் ஓவன் மக்நீலும் சேர்ந்து கேலிக் லீக் என்ற மொழி இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஹைட் ஒரு புராட்டஸ்டண்ட் பாதிரியாரின் மகன். ரோஸ்காமனில் வேலையாட்களிடமிருந்தும் அக்கம்பக்கத்துக் குடியானவர்களிடமிருந்தும் ஐரிஷ் கற்றவர். பிற்பாடு 1938இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். மொழியிலிருந்து அரசியல் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட பாட்ரிக் பியர்ஸ் ஐரிஷும் ஆங்கிலமுமாக இருமொழிப் பள்ளி நடத்திய ஆசிரியர்.

சுதந்திரம் வந்தது. நம்பிக்கை முழுவதையும் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டினார்கள். 1922 மார்ச் 17, செயின்ட் பாட்ரிக் தினத்திலிருந்து எல்லாத் தேசியப் பள்ளிகளிலும் தினமும் ஒரு மணி நேரமாவது ஐரிஷ். பெரும்பாலான ஆசிரியர்களுக்கே மொழி சரியாக வராது, கோடை விடுமுறையில் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஐரிஷில் தேறாவிட்டால் பள்ளி இறுதிச் சான்றிதழே கிடையாது என்ற விதி 1973 வரை இருந்தது. அரசு வேலைக்கும் ஐரிஷ் கட்டாயம். அது 1974 வரை. 1982 வரை பள்ளியில் அடி அனுமதிக்கப்பட்டிருந்தது. தாத்தா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "வினைச்சொல் தப்பினால் இங்கே" என்றார். அவருடைய பாட்டியின் தலைமுறை ஐரிஷ் பேசியதற்கு அடி வாங்கியது, அவர் பேச வராததற்கு அடி வாங்கினார். அந்தப் பிள்ளைகளுக்கு மொழிமேல் எப்படி ஆசை வரும்? ஆட்சியில் இருந்தவர்களின் எண்ணம் நல்லது என்றே நம்புகிறேன். ஆனாலும் செய்தது தப்பு. பரீட்சைப் பாடமாக ஆனதும், பரீட்சை முடிந்த அன்றே அது முடிந்துபோகிறது. மேற்கே இன்னும் ஐரிஷ் பேசிக்கொண்டிருந்த மீனவர்களுக்கும் குடியானவர்களுக்கும் உள்ளூரிலேயே பிழைப்பு அமைத்துக் கொடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

உள்ளூரில் இல்லாவிட்டாலும், அவர்களுக்குப் பிழைப்பு கொடுத்த ஒரு முயற்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1935இல் மேற்கே கால்வே மாவட்டத்துக் கான்மாராவின் பாறைக்காட்டிலிருந்து 27 குடும்பங்களைக் கூட்டிவந்து, டப்ளினுக்குப் பக்கத்தில் மீத் மாவட்டத்து நல்ல மண்ணில் நிலமும் வீடும் கொடுத்துக் குடியேற்றினார்கள். ராஹ் கார்ன் என்று அந்த ஊருக்குப் பெயர். சுற்றிலும் ஆங்கிலம். அதன் நடுவில் இன்றைக்கும் அங்கே ஐரிஷ் புழங்குகிறது. ஆனால் ஐரிஷ் பேசும் பகுதி, அதாவது கேல்டாக்ட் என்ற அங்கீகாரம் வாங்க அவர்கள் 1967 வரை போராட வேண்டியிருந்தது.

போராடிய இடத்தில்தான் மொழி நின்றிருக்கிறது என்று தோன்றுகிறது. 1970இல் கான்மாரா இளைஞர்கள் உரிமம் இல்லாமல் ஒரு வானொலி நடத்தினார்கள். இரண்டே வருடத்தில் அரசு கேல்டாக்ட் வானொலியைத் தொடங்கியது. அதைவிடப் பெரிய விஷயம் பெல்ஃபாஸ்டில் நடந்தது. அது வடக்கில் இருக்கிறது, அங்கே பிரிட்டிஷ் ஆட்சி. ஐரிஷுக்கு அன்றைக்கு அரசாங்க ஆதரவு பெரிதாக இல்லை. ஐரிஷைப் படித்துக் கற்றுக்கொண்ட சில இளம் தம்பதிகள், நம் பிள்ளைகள் தெருவிலும் ஐரிஷ் கேட்டு வளர வேண்டும் என்று முடிவு பண்ணி, காசு சேர்த்து, 1969இல் ஷாஸ் ரோட்டில் பக்கத்துப் பக்கத்தில் தாங்களே வீடு கட்டினார்கள். கலவரம் வெடித்துத் தெருக்கள் எரிந்த அதே வருடம். 1971இல் ஒன்பது பிள்ளைகளோடு சொந்தமாகப் பள்ளி திறந்தார்கள். 1984 வரை அரசாங்கத்திடமிருந்து ஒரு பைசா வரவில்லை. வீடு வீடாக வசூல் செய்தே நடத்தினார்கள். இன்றைக்கு வடக்கில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஐரிஷ் வழியில் படிக்கிறார்கள். கிழக்கு பெல்ஃபாஸ்டில், ஐரிஷ் என்றாலே முகம் சுளிக்கும் யூனியனிஸ்ட், அதாவது பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்பவர்களின், பகுதியின் நடுவில், லிண்டா எர்வின் என்ற புராட்டஸ்டண்ட் பெண்மணி ஐரிஷ் வகுப்பு நடத்திவருகிறார். நீதிமன்றத்தில் ஐரிஷைத் தடுத்த அந்த 1737 சட்டத்தை வடக்கில் நீக்க 2022இல்தான் வழிசெய்தார்கள்.

தெற்கிலும் இப்போது காற்று மாறியிருக்கிறது. ஐரிஷ் வழிப் பள்ளிகளுக்குப் பெற்றோர் விரும்பி மனுப் போடுகிறார்கள். 1996இல் ஐரிஷ் தொலைக்காட்சி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் முழு அந்தஸ்து. ஐரிஷில் ராப் பாடும் பெல்ஃபாஸ்ட் பையன்களின் பாட்டை டப்ளின் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்.

என் கவலை கேல்டாக்டைப் பற்றியது. அதிகம் ஐரிஷ் பேசும் ஊர்களில்கூட இன்னும் பதினைந்து, இருபது வருடத்துக்கு மேல் அது ஊர்மொழியாக நிற்பது கஷ்டம் என்று 2007இலேயே அரசு கேட்டு வாங்கிய ஆய்வு சொல்லிவிட்டது. அந்தக் கெடு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. கேல்டாக்ட் முழுவதும் பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 2022இல் 20,261 பேர். கடலோர வீடுகள் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விலை போகின்றன. ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்கவில்லை, கிளம்பிவிடுகிறார்கள். நகரத்தில் ஆயிரம் பேர் ஆசையாகக் கற்றுக்கொள்ளலாம். ஆட்டைத் திட்டவும் குழந்தையைக் கொஞ்சவும் அந்த மொழியிலேயே வாய் வருகிற ஓர் ஊர் கலைந்தால், அதை எந்த வகுப்பிலும் திரும்பச் செய்ய முடியாது.

போன கோடையில் கான்மாராவுக்குப் போனோம். கால்வேயிலிருந்து மேற்கே கடலோரமாகப் போனால் பலகைகளில் ஆங்கிலம் காணாமல் போகிறது. சாலையிலேயே 'கோ மால்' என்று வெள்ளை எழுத்து. மெதுவாகப் போ என்று அர்த்தம், மகள்தான் படித்துச் சொன்னாள். ஸ்பிடாலைத் தாண்டி ஒரு சின்னக் கடையில் நிறுத்தினோம். உள்ளே இரண்டு பெண்கள் ஐரிஷில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாகக் கேட்கிறேன். எங்கள் முகத்தைப் பார்த்ததும் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. வெளியாளுக்குக் காட்டும் மரியாதை அது. எனக்குத்தான் ஏதோ கெடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒன்பது வயது மகள் கல்லா அருகே போய், மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, ஐரிஷில் ஐஸ்கிரீம் கேட்டாள். கல்லாவில் இருந்த அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் ஐரிஷிலேயே ஏதோ கேட்டார். இவளுக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு எங்கே புரியும்? அந்த அம்மா ஆங்கிலத்துக்குப் போகவில்லை. குனிந்து, மெதுவாக, திரும்பச் சொன்னார். இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக. "க்யான் மோர், நோ க்யான் ப்யக்?"

மகளின் முகம் மலர்ந்தது.

"மோர்" என்றாள்.